லோகோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறகு

2003 நவம்பர் 4, செவ்வாய்

தெரியும் என்றுதான் சொன்னேன். பின்னே வேறு என்ன சொல்ல? "வெப்சைட் செய்யத் தெரியுமாலே?" என்று சற்குணம் மாமா கேட்டபோது அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டதிலிருந்து அப்பா என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அந்தக் கேள்விக்குத் திரும்பிப் பார்த்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சற்குணம் மாமா எங்கள் சர்ச் சபையின் செயலாளர். 23ஆம் தேதி பிரதிஷ்டைப் பண்டிகை, சர்ச் கட்டித் திறந்த நாள். கல்ஃபில் இருக்கிற சபைக்காரர்கள் பார்க்க அதற்குள் ஒரு வெப்சைட் வேண்டுமாம். செய்துவிட்டால் தப்பித்தேன். இல்லையென்றால் வித்துரா. அங்கே சித்தப்பாவின் கம்பி சிமெண்ட் கடையில் உட்கார்ந்து பில் எழுத வேண்டும். அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலை ஒட்டி வைத்துவிட்டார். காலையில் காலைக் கீழே வைத்தால் முதலில் அதில்தான் இடிக்கிறது.

நவம்பர் 5

கிழக்கேகோட்டை, ஷிஜு சேட்டனின் இண்டர்நெட் கஃபே. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் டெம்ப்ளேட் கிடைத்தது. எல்லாம் செய்துவைத்த பக்கம், பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். ஏதோ ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி செய்திருக்கிறார்கள். மேலே நீல வானம், மூலையில் சிறகு விரித்த வெள்ளைப் பறவை. அதுதான் லோகோ.

பெயரை மாற்றினேன், மாறிவிட்டது. இவ்வளவுதானா!

லோகோ மாறவில்லை. சபை லெட்டர்பேடில் இருக்கிற முத்திரையை ஸ்கேன் செய்தேன். சிலுவை, திறந்த வேதபுத்தகம், விளக்கு. பறவைப் படத்தின் பெயரையே அதற்கும் கொடுத்து, பழையதன் மேல் சேமித்தேன். திறந்தால் பறவை. மூடித் திறந்தாலும் பறவை.

"எடா, அது பழசை ஓர்மையில வச்சிருக்கும். கண்ட்ரோலைப் பிடிச்சிட்டு எஃப் ஃபைவ் அடி" என்றார் ஷிஜு சேட்டன்.

அடித்தேன். பறவை போனது, சிலுவை வந்தது. சிலுவைக்கு வலப்பக்கம் ஒரு சிறகு நிற்கிறது. ஒரே ஒரு சிறகு.

நவம்பர் 6

இந்தச் சிறகு எங்கிருந்துதான் வருது?

நவம்பர் 7

ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி ஸ்கேன் செய்தேன். படத்தைத் தனியாகத் திறந்தால் சுத்தமாக இருக்கிறது, சிலுவை, புத்தகம், விளக்கு மட்டும். பக்கத்துக்குள் வைத்தால் சிறகும் கூட வருகிறது. நான் லோகோவை மாற்றினேனா, இல்லையா? மாற்றினேன் என்றால் இது என்ன? மாற்றவில்லை என்றால் அது என்ன?

இடி வெட்டியது. கரண்ட் போச்சு. நான் சேவ் செய்யவே இல்லை.

பிரிண்ட் எடுத்ததைப் பார்த்துவிட்டு தங்கச்சி ஆர்ஷா சொல்கிறாள்: "அண்ணே, சிலுவைக்குச் சிறகு முளைச்சிருக்கு." பெரிய கண்டுபிடிப்பு.

நவம்பர் 8

எல்லாவற்றையும் மறுபடி செய்து நெட்டில் ஏற்றிவிட்டேன், சிறகோடு. நாளை ஆராதனை முடிந்ததும் கமிட்டி பார்க்க வருகிறது. ஓரத்தில்தானே இருக்கிறது. யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கவனிப்பார்களா?

நவம்பர் 9, ஞாயிறு

கவனித்தார்கள்.

வெள்ளை வேட்டியும் கையில் பைபிளுமாக ஒரு கூட்டமே கஃபேக்குள் வந்தது, கடைசியில் அப்பாவும். பக்கத்து கேபினில் இருந்த பையன் அவசரமாக எதையோ மூடினான். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி ராஜபாய் ஆன்ட்டி உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். "இந்தத் தட்டிக்குப் பின்னால பயலுக என்ன பாக்கானுகன்னு எனக்குத் தெரியும்." பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். வந்தவர் திரையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"ஸ்தோத்திரம்! புறா வந்திருக்கு, பாத்தீங்களா!"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் ஞாயிறு பள்ளியில் இருந்த காலத்தில்தான் இந்த முத்திரையைச் செய்தார்கள். பரிசுத்த ஆவிக்கு அடையாளமாகப் புறா வேண்டும் என்று ராஜபாய் ஆன்ட்டி கட்சி. புறா வேண்டாம், அது வேறு சபைக்காரன் அடையாளம் என்று சற்குணம் மாமா கட்சி. ஓட்டில் புறா தோற்றது. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட இரண்டு இடத்தில் வெட்டுகிறார்கள்.

"யாரைக் கேட்டுலே புறாவை வச்ச?" சற்குணம் மாமாவின் முகம் சிவந்துவிட்டது.

"நான் வைக்கல்ல மாமா."

"பின்ன, தானா வந்து இருந்துச்சா?"

"தானாத்தான் வந்திருக்கும்" என்றார் ராஜபாய் ஆன்ட்டி. "மனுசன் வேண்டாம்னு ஓட்டுப் போட்டா அது வராதா?"

இரண்டு பேர் 'ஆமென்' சொன்னார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். போதுமா இல்லையா? எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

"ஆன்ட்டி, இது புறாவே இல்ல. டிராவல்ஸ் கம்பெனிக்காரன் பறவை. பாதி போச்சு, பாதி போக மாட்டேங்குது."

தட்டிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் சிரித்தான். சற்குணம் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ ஒனக்கு இது செய்யத் தெரியாது, அல்லே?"

"தெரியும்."

மறுபடியும்! எதுக்குடா சொன்னே?

அடுத்த ஞாயிறு வரை நேரம். பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தம்பானூர் தாண்டியதும், "அவ புறான்னு சொல்லும்போ வாயை மூடிக்கிட்டு மிண்டாம இருந்திருக்கலாம்லா" என்றார். "புறா இல்லையேப்பா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டினாரா, சும்மா சொன்னாரா?

நவம்பர் 11

சாயந்திரம் ராஜபாய் ஆன்ட்டி முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்தார். "மோனே, அதை எடுத்துராத. கம்பெனிக்காரன் பறவையா இருந்தா என்ன? இன்னொரு சிறகையும் வச்சிரு, புறா ஆயிரும்."

அவர் படியிறங்குவதற்குள் போன். சற்குணம் மாமா: "அந்தச் சிறகு இருந்தா சைட்டே வேண்டாம். கேட்டியா?"

அம்மா புறா கட்சி போலிருக்கிறது. "ஆன்ட்டி சொன்னதைக் கேளு" என்று இன்று எனக்குப் பெரிய மீன் துண்டு.

என்னால் தொடக்கூட முடியாத ஒன்றுக்கு இவ்வளவு சண்டை. மாமா எடு என்கிறார், ஆன்ட்டி எடுக்காதே என்கிறார். எடுக்கத் தெரிஞ்சாத்தானே!

நவம்பர் 13

கிடைத்தது!

எரிச்சலில் சிறகின் மேலேயே எலியை வைத்து வலது பட்டனை அழுத்தினேன். அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. அது லோகோ படமே இல்லை, வேறு படம். அடப்பாவி, டெம்ப்ளேட் செய்தவன் மேலே இருக்கிற வானம் முழுவதையும் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருக்கிறான்! வெட்டு பறவையின் நடுவில் விழுந்திருக்கிறது. உடம்பும் ஒரு சிறகும் ஒரு துண்டில், இன்னொரு சிறகு அடுத்த துண்டில். நான் முதல் துண்டை மட்டும் மாற்றிவிட்டு உலகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் அப்படித்தான் செய்யறது" என்கிறார் ஷிஜு சேட்டன். "நெட் ஸ்லோ அல்லே? துண்டு துண்டா வந்தா ஆளுக்குப் பொறுமை இருக்கும்." முதலிலேயே சொன்னால் என்ன? "நீ தெரியும்னல்லே சொன்னே!"

சிறகுத் துண்டைத் தூக்கினேன். வானம் முழுவதும் சரிந்து, மெனு எல்லாம் சிலுவைக்குக் கீழே வந்து விழுந்தது. திரும்ப வைத்தேன்.

நவம்பர் 14

தூக்கக் கூடாது. அதே அளவில் வெறும் வானம் ஒரு துண்டு செய்து, அதே பெயரில் வைக்க வேண்டும். வைத்தேன். கண்ட்ரோல், எஃப் ஃபைவ்.

சிறகு இல்லை.

ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் தோன்றியது: வானத்தை வைக்க முடிந்தால் புறாவையும் வைக்க முடியுமே. நேற்று வரை எதுவும் தெரியாது, அது எவ்வளவோ மேல். இப்போது இரண்டுமே முடியும். எதை வைக்க?

நவம்பர் 16, ஞாயிறு

வெறும் வானத்தைத்தான் காட்டினேன். ராஜபாய் ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. சற்குணம் மாமா என் தோளில் தட்டினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"மாமா, லெட்டர்பேடுல புறா இல்ல, அதனால இங்கயும் இல்ல. அவ்வளவுதான். வேணும்னா கமிட்டி கூடி லெட்டர்பேடை மாத்துங்க, நான் இதை மாத்துறேன். ரெண்டு பேரும் தனித்தனியா என்னைப் பிடிச்சுச் சொல்லாதீங்க."

தோளில் இருந்த கை எடுபட்டது. "ரெண்டு பேருமா?" என்று சற்குணம் மாமா ஆன்ட்டியைப் பார்த்தார். "நீரும் சொன்னீரா?" என்று ஆன்ட்டி மாமாவைப் பார்த்தார். கஃபே முழுக்கச் சத்தம். ஷிஜு சேட்டன் எல்லோரையும் வெளியே அனுப்பினார். பேருக்கு ஒரு வார்த்தைகூட வெப்சைட் நல்லா இருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

என் வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இனி வித்துராதான் என்று வீட்டுக்கு வந்து பெட்டியில் சட்டையை எல்லாம் திணித்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

நவம்பர் 18

அவசரக் கமிட்டி. அப்பாவும் போயிருக்கிறார். மழை விடவே இல்லை.

நவம்பர் 19

"புறா வரும்" என்றார் அப்பா, நேற்று ராத்திரி நனைந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே. யார் யார் கை தூக்கினார்கள் என்று அம்மா கேட்டதும் துண்டை முகத்துக்குக் கொண்டுபோனார். "சற்குணத்துக்கு நல்ல கோவம். ஆனா பண்டிகைக்குள்ள வரைஞ்சு வைக்கணும், வேற ஆளைத் தேட நேரமில்லன்னு அவன்தான் சொன்னான்."

சொன்னது அம்மாவிடம். பார்த்தது என்னை.

வரையணுமா? நானா?

நவம்பர் 21, வெள்ளி

எலியால் புறா வரைவது மனிதன் செய்கிற வேலை இல்லை. முதலில் வந்தது கோழி. அடுத்தது ஆர்ஷா பார்த்துவிட்டு, "அண்ணே, இது தாராவு" என்றாள். வாத்தாம். மூன்றாவதை ஒரு காகிதத்தில் பென்சிலால் போட்டேன். அது பரவாயில்லை, பறக்கிற மாதிரி இருக்கிறது. ஸ்கேன் செய்து, இந்தத் தடவை புறாவுக்கு நடுவில் வெட்டு விழாமல் வைக்க வேண்டும். கம்பெனிக்காரன் பறவையிலிருந்து ஒரு இறகுகூட எடுக்கவில்லை.

இன்று காலையில் காலைக் கீழே வைத்தேன். எதுவும் இடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன், பெட்டி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பரணில் இருக்கிறது. சட்டைகள் அலமாரியில், கைகளை உள்ளே மடக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. இந்த வீட்டில் சட்டையை அப்படி மடக்குகிறவர் ஒருவர்தான். அப்பா ஆபீசுக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்கலாமா? கேட்டால் என்ன சொல்வார்? நான்தான் என்ன...

சற்குணம் மாமா கீழே ஸ்கூட்டரில் ஹார்ன் அடிக்கிறார், படம் எங்கேலே என்று. போகணும்.