கணக்கில் முப்பத்தெட்டு

பெருமாநல்லூர்
8.12.2025, திங்கள்

அன்பு மகள் ஜனனிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சுகம், டெல்லிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கக் கொண்டத்துக்காளியம்மன் துணையிருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, போனில் என்றால் பேச்சு வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைவு, செக்கிங்கில் எங்களுக்கு வாரம் நாலு நாள்தான் வேலை. அப்பாவுக்கு அந்த இருமல் இன்னும் விடவில்லை, துணி வெட்டுகிற கட்டிங் பக்கம் பஞ்சுத்தூசி, சொன்னால் கேட்கிறாரா.

மனோதத்துவம் மேற்படிப்புக்கு நீ விண்ணப்பித்த இரண்டு இடத்திலும் ப்ளஸ் டூ கணக்கில் முப்பத்தெட்டு மார்க் என்று தள்ளிவிட்டார்களாம், மூன்றாவது இடத்தில் மார்க் ஏன் குறைந்தது என்று எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். இதில் ஒன்றையும் நீ என்னிடம் சொல்லவில்லை. அப்பா கையெழுத்துக்காகப் பக்கத்து வீட்டு ஜோதிகாவுக்கு நீ அனுப்பிய படிவத்தோடு, அவர்களுக்கு நீ எழுதிய பதிலும் சேர்ந்து வந்துவிட்டது. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறவள், இங்கிலீஷ் தெரியும், படித்துச் சொல்லம்மா என்றேன். கணக்குல ஆர்வமில்லாமப் போச்சு, சோம்பேறித்தனமா இருந்துட்டேன்னு எழுதியிருக்கா அத்தை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கிய பிள்ளை நீ.

நீ ப்ளஸ் டூ படித்த அந்த வருஷம் எனக்கு என்ன வந்தது என்று நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊருக்கு டைபாய்டு என்று சொன்னோம். சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஹார்லிக்சும் வாங்கி வந்து பார்த்துவிட்டு, ஏழு மாசமாவா டைபாய்டு என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எதனால் வந்தது என்று எனக்கே இன்றுவரை தெரியாது. தலை வாரிவிட்டது நீ, கஞ்சி ஊட்டியது நீ, அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தது நீ. கோயம்புத்தூரில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டதும் நீதான். இன்றைக்கும் அந்த மாத்திரையைக் கம்பெனியில் சுகர் மாத்திரை என்று சொல்லித்தான் போடுகிறேன். மனசு நோயைப் படிக்கப் போகிற பிள்ளை நீ, பெற்றவளுடைய மனசு நோயை மறைக்க உன்னையே சோம்பேறி என்று எழுதிக்கொண்டாய். அப்படிப் பழக்கியது நாங்கள்தான் கண்ணு, அதை நினைத்தால் ஆறவில்லை.

நேற்று அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். ஏனம்மிணி, நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க ஊட்ல தெரிஞ்சா என்ன சொல்றது என்றார். தெரிந்தும் வருகிறவர்கள் வரட்டும் என்றேன். கோபப்படவில்லை, பாயை எடுத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இன்று காலை அவரே பீரோவைத் திறந்து டாக்டர் சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதையும் இதோடு கூரியரில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. கணக்குப் பரீட்சை அன்று காலை யூனிபார்ம் போட்டுக்கொண்டு என் தலைமாட்டில் வந்து நின்று, அம்மா நான் போகட்டுமா என்று கேட்டாய். திரும்பத் திரும்பக் கேட்டாய். பதில் இல்லாமல் என்னை விட்டுப் போகப் பயந்து அங்கேயே நின்றாய், அரை மணி தாமதமாகத்தான் பரீட்சைக்குப் போனாய். எனக்குக் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டது. பேச்சுத்தான் வரவில்லை.

ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போடு. அந்தப் படிப்பில் புள்ளியியல் உண்டு என்றாள் ஜோதிகா, தெரியாததை யாரிடமாவது கேட்டுப் படி, வெட்கப்படாதே. பதில் அனுப்ப இருபதாம் தேதி கடைசி, மறந்துவிடாதே. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்ததை எழுது, என் பெயரையும் போட்டு எழுது. நல்லபடியாகப் படித்து நூறு வயசு இரு. அன்று காலை நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன், போயிட்டு வா கண்ணு.

உன் அம்மா,
பி. விஜயகுமாரி