முதலாளி மகனுக்கு ஐந்து புள்ளி

புனே, 12.10.2003

அன்பு இசைவாணிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? சேவுகம்பட்டியில் மழை உண்டா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் பாறைமேல் பைக் ஓட்டும் போட்டிக்கு என்னை நடுவராக நிறுத்தினார்கள். கால் தரையில் பட்டால் ஒரு குற்றப்புள்ளி, வண்டி சாய்ந்தால் ஐந்து. எங்கள் பைக் பட்டறை முதலாளியின் மகன் வண்டியோடு சாய்ந்தான். ஐந்து விரலையும் காட்டினேன். அதனால் கோப்பை அவன் கையைவிட்டுப் போய்விட்டது.

"ஏலே, ஒரு விரலக் காட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றான் கூட வேலை பார்க்கும் கொடைரோட்டு மலைச்சாமி.

முதலாளியே வந்து மாற்றச் சொன்னார். விழுந்தது விழுந்ததுதான் என்றேன். அவர் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து பட்டறையில் மலைச்சாமியைத் தவிர எவரும் என் முகம் பார்ப்பதில்லை.

நீ பயப்படாதே. பருப்புப்பொடி அனுப்பு. இனிக் கடிதத்தைப் பட்டறைக்குப் போடாதே, மலைச்சாமி அறைக்குப் போடு, விலாசம் பின்பக்கம் இருக்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
செழியன்