மூக்கில் பீரங்கி வைத்த விமானமும் வாழவந்தி பல்பரும்

ஜனவரி 6, செவ்வாய்

மறுபடியும் மூடுபனி. துவைச்சது எதுவும் காயல. ஊடு முழுக்க ஈர வாடை.

விமானத்துல பாக்கி:
- இடப்பக்கம் மேல் ரெக்கைக்கும் கீழ் ரெக்கைக்கும் நடுவுல கம்பி
- பீரங்கி சுட்டா பின்னால உதைக்கணும். இப்போ தேமேன்னு நிக்குது
- எஞ்சின் சத்தம்
- இட்லி மாவு (இது விமானத்துல இல்ல)

முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரன் ஓட்டின குண்டு போடற விமானம். ரெண்டு அடுக்கு ரெக்கை, ரெண்டு எஞ்சின், மூக்குல ஒருத்தன் பீரங்கியோட நிப்பான். எங்க சண்டை கேமுக்குள்ள அதைக் கொண்டு வர்றது என் பொறுப்பு. இதுவரைக்கும் அடுத்தவங்க விமானத்துக்குச் சக்கரமும் ஜன்னலும் செஞ்சு கொடுத்தவ நான். முழுசா என்னோடதுன்னா இதுதான்.

கார்த்திக் (டீம் லீடு, பெங்களூர்ல உக்காந்துட்டு உயிரை வாங்கறவர்) இன்னைக்குச் சொன்னது: திங்கக்கிழமை மத்தியானம் கம்பெனிப் பெரியவங்க விமானத்தைப் பாப்பாங்க. எடுத்துக்கிட்டா எனக்கு நிரந்தர வேலைக்குப் பேசுவார். இல்லன்னா இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது.

அதே திங்கக்கிழமை காலையில சேலம் ஸ்கூலுக்குப் பதில் சொல்லணும். கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. என் ஊட்டுக்காரர் மணியோட அக்கா, எங்க அண்ணி, பேசி வெச்சது. போனா வாரம் பூரா அண்ணி ஊட்டுல தங்கணும், சனி ஞாயிறு மலையேறணும். மணி ஜீப்பு ஓட்டறது இங்க, மலை மேல.

அத்தை (மணியோட அம்மா): "போ கண்ணு. அங்க வெயிலாச்சும் அடிக்கும், துணி காயும்."

மணி ஒண்ணும் சொல்லல. சொல்லவே மாட்டேங்கறாரு.

ஜனவரி 7, புதன்

கம்பி முடிஞ்சுது. பீரங்கி உதைக்குது. கொஞ்சம் ஜாஸ்தியாவே. சுடற பொம்மை பின்னால எகிறி விமானத்தை விட்டே வெளிய விழுந்துட்டான். தனியா உக்காந்து சிரிச்சேன். அத்தை எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

சத்தம்தான் தலைவலி. ஆபீஸ்ல வெச்சிருக்கற எஞ்சின் சத்தம் எல்லாம் மிக்ஸியில சட்னி அரைக்கிற மாதிரி. பத்து ஆளைத் தூக்கற மெஷினாடா அது?

சாயங்காலம் மணி ஜீப்புல வாழவந்திக்கு. அங்க ஒரு எஸ்டேட்ல இன்னும் பழைய டீசல் எஞ்சின் வெச்சுத்தான் பல்பர் ஓடுது, காப்பிப் பழத்துத் தோலை உரிக்கிற மெஷின். பறிப்பு நேரம், பொம்பளைங்க கூடை கூடையாக் கொட்டிட்டிருந்தாங்க. மைக்கைச் சாக்குல சுத்தி எஞ்சின்கிட்ட வெச்சேன்.

எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டர் ஓடி வந்தார். "ஏனுங்க, எஞ்சின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"
"இல்லீங்க, சத்தம் நொம்ப நல்லாருக்கு. புடிச்சுக்கறேன்."
"எதுக்குங்க?"
"ஜெர்மன் விமானத்துக்குங்க."
ரைட்டர் மணியைப் பார்த்தார். மணி மலையைப் பார்த்தாரு.

ஜனவரி 8, வியாழன்

அப்பாடா! சத்தம் ஏத்தியாச்சு. இடது எஞ்சினுக்கும் வலதுக்கும் ஒரு இழை வித்தியாசம் வெச்சேன், ரெண்டும் சேர்ந்து வூம்... வூம்னு. உடம்பு சிலிர்த்துப் போச்சு. நேத்து வரைக்கும் அது பொம்மை. இன்னைக்கு அதுக்குக் கோபம் வருது.

மணி காதுல ஹெட்போன் மாட்டினேன்.
"நம்ம பல்பரேதான்."
"விமானம் மாதிரி இல்லையா?"
"நான் விமானத்துல போனதில்லையே புள்ள."

டெஸ்ட் பண்றவங்களுக்கு அனுப்பிட்டேன். அண்ணி போன், எடுக்கல. மாவு வாங்கியாச்சு.

ஜனவரி 9, வெள்ளி

அடக் கடவுளே.

கார்த்திக் காலையில கூப்பிட்டார். சிரிக்கிறாரா திட்டறாரான்னு தெரியல. "தேவி, உங்க விமானத்துல ஏறின எல்லாரும் பாதி வழியில குதிச்சுடறாங்க."

"ஏன்?"

"எஞ்சின் சாகப்போகுதுன்னு நினைச்சு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை முக்குது. யாருமே குண்டு போடற இடத்துக்குப் போய்ச் சேரல. விமானம் மட்டும் தனியாப் பறந்துட்டிருக்கு."

போட்டுக் கேட்டேன். உண்மைதான். கூடை கொட்டறப்ப பல்பருக்குப் பாரம் ஏறும், எஞ்சின் முனகும். பழம் உள்ள போனதும் லேசாகும். அடுத்த கூடை, அடுத்த முனகல். சின்ன வயசிலேருந்து ஒவ்வொரு பறிப்புக்கும் கேட்டுக் கேட்டு என் காதுக்கு எஞ்சின்னாலே அப்படித்தான் இருக்கும். முக்கித் திணறினாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம். காரணமே இல்லாம ஆகாயத்துல ஒருத்தன் கூடை கூடையாக் காப்பிப் பழம் கொட்டிட்டிருக்கான்!

கா. சொல்றது: ஆபீஸ் சத்தத்தையே போட்டுடுங்க, நேரமில்ல.

மிக்ஸியையா? மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். சரின்னார், பெருமூச்சு விட்டுட்டு.

மத்தியானம் சாப்பிடப் புடிக்கல. ஊட்டுக்கும் கேட்டுக்குமா நடந்தேன். அத்தை: "ஏஞ்சாமி, ஒரு எடத்துல உக்காரேன், பாக்கற எனக்குக் காலு வலிக்குது."

ஜனவரி 10, சனி

மறுபடி வாழவந்தி. பழம் போடாம எஞ்சினை மட்டும் ஓட்டச் சொன்னேன். சப்புன்னு இருக்கு. தெம்பே இல்ல. பாரமும் வேணும், அது ஏறி இறங்கவும் கூடாது.

அப்படின்னா பழம் நிக்காமக் கொட்டணும். ஒரு கூடை தீர்றதுக்குள்ள அடுத்தது. ரைட்டர்கிட்ட கெஞ்சினேன். பொம்பளைங்களை வரிசையா நிக்க வெச்சேன், நானும் ஒரு கூடையைத் தூக்கிட்டு நின்னேன், மணி கடைசியில. ஒருத்தர் கொட்டி முடிக்க, அடுத்தவர் ஆரம்பிக்க, மறுபடி சுத்தி வந்து வரிசையில நிக்க.

"சிரிக்காதீங்க, சத்தம் விழுந்துடும்"னு சொன்னேன். அதுக்கே சிரிச்சுட்டாங்க. முதல் தடவை வீண். ரெண்டாவது தடவை வாயைச் சேலை முந்தானையால கட்டிக்கிட்டுக் கொட்டினாங்க.

சரசுன்னு ஒரு அக்கா, முடிஞ்சப்புறம்: "இது யார் மேலங்க குண்டு போடும்?"
"இங்கிலீஷ்காரங்க மேலக்கா."
"இந்தத் தோட்டம் போட்டதே அவங்கதானுங்களே!" மறுபடி ஒரே சிரிப்பு.

சத்தம் அருமை. ஒரே உறுமல், அசையல.

மணி இன்னைக்கு டூரிஸ்ட் சவாரியை விட்டுட்டு வந்திருக்காரு. அதுவும் சனிக்கிழமை. ஏன்னு கேட்டா, "சும்மாதான்." என்ன சும்மா? மனசுல இருக்கறதைச் சொன்னா வாய் வெந்துடுமா?

ஜனவரி 11, ஞாயிறு

காலையில அனுப்பிட்டேன். கா. பதில்: ஒரு கட்டை விரல். அதுக்கு என்ன அர்த்தம்னு நாள் பூரா யோசனை.

அண்ணி வந்தாங்க, அடிவாரத்துல வாங்கின கொய்யாப்பழத்தோட. நல்லவங்க, அதான் கஷ்டமே. "உனக்குன்னு மேல் ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன் கண்ணு. காலையில ஸ்கூல் ஹெச்செம் போன் பண்ணுவாங்க, சரின்னு மட்டும் சொல்லு."

"மத்தியானத்துக்கு மேல சொல்லட்டுங்களா அண்ணி?"

"அவங்க காத்துட்டிருக்க மாட்டாங்க."

எல்லாரும் மணியைப் பார்த்தோம். "அவ இஷ்டம்"னுட்டு ஜீப்பைக் கழுவப் போயிட்டாரு. பனியில! பின்னாலயே போயிக் கேட்டேன்: "நான் போகணுமா, இருக்கணுமா?" "உனக்கு எது நல்லதோ." பக்கெட்டை எட்டி உதைச்சேன். கால் கட்டை விரல் வீங்கிடுச்சு.

ஜனவரி 12, திங்கள்

பனி விலகுச்சு. கொடி நிறைய துணி.

ஹெச்செம் அம்மா சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டாங்க. மரியாதையான குரல். "என்னம்மா, எப்போ சேர்றீங்க?"

"மன்னிச்சுக்கங்க மேடம், வரலைங்க."

நான்தான் சொன்னேனான்னு எனக்கே சந்தேகம். அத்தை அடுப்படியில தட்டை ணங்குன்னு வெச்சாங்க. அண்ணி இன்னும் கூப்பிடல. கூப்பிடுவாங்க.

மத்தியானம் வரைக்கும்: பாத்திரம் கழுவினேன். கழுவினதையே கழுவினேன். நகம் கடிச்சேன்.

கார்த்திக்.

"தேவி, எடுத்துக்கிட்டாங்க. அடுத்த அப்டேட்ல உங்க விமானம் வருது. சத்தத்தை மூணு தடவை போடச் சொல்லிக் கேட்டாங்க."

அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "ஆனா வேலை... இந்த வருஷம் புதுசா யாரையும் எடுக்கறதில்லன்னுட்டாங்க. நான் பேசிப் பார்த்தேன். இந்த மாசத்தோட... சாரி."

விமானத்துக்கு இடம் கிடைச்சுடுச்சு. எனக்கு இல்ல.

அழுகை வரும்னு பார்த்தேன். மூணு தடவை கேட்டாங்களாங்கற சந்தோஷம்தான் முதல்ல வந்துச்சு. அந்தச் சந்தோஷத்து மேல அப்படி ஒரு ஆத்திரம். வெக்கங்கெட்ட மனசு.

மணி சாப்பாட்டுக்கு வந்தாரு. எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். சோத்தைப் பிசைஞ்சுட்டே இருந்தாரு, வாயில வைக்கல.

"ஸ்கூலுக்கு மறுபடி போன் பண்ணிப் பாக்கறியா?"
"மாட்டேன்."
"வேற என்ன பண்ணுவ?"
"தெரியாது."

பிசைஞ்ச சோத்தைத் தட்டோரம் ஒதுக்கிட்டுச் சொன்னாரு: "நீ கீழ போறது எனக்குப் புடிக்கலடி. அன்னிக்கிருந்தே புடிக்கல. நான் சொல்லி நீ இருந்து, இந்த வேலையும் போயிட்டா, என்னாலதான்னு ஆயிடுமேன்னு பயம்."

"இப்பவும் போயிடுச்சே."

"ஆமா. இப்போ என்னால இல்லையே."

அந்த மனுஷனை என்ன செய்யறது? தட்டுல இன்னொரு கரண்டி சோத்தைப் போட்டுட்டு வந்து உக்காந்து எழுதறேன். போன் அடிக்குது. அண்ணி.