பதில் வராத கோப்புகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். கண் ஆபரேஷன் ஆனபிறகு சொட்டு மருந்துக்கு நீங்கள் டிமிக்கி கொடுப்பதாக அம்மா போனில் சொன்னாள். வேண்டாம் அப்பா, வேளாவேளைக்கு விட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே போன வாரம் ஒரு கூத்து. பழைய கோப்புகளை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பத்திரப்படுத்தும் எங்கள் புரோகிராம், மெமரியை மொத்தமாக விழுங்கிவிட்டு மத்தியானத்துக்குள் படுத்துவிடும். மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

"இன்னும் கொஞ்சம் மெமரி வாங்கிப் போடலாமா?" என்றார் மேனேஜர்.

"யானைப் பசிக்குச் சோளப்பொரி சார்" என்றேன்.

கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது. 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை எந்தக் கோப்பையும் கையைவிட்டு விடாதே என்று எழுதியவள் நான். அந்தப் பக்கம் பதில் அனுப்ப வழி எழுத மறந்தவளும் நானே. பாவம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்த லட்சம் கோப்புகளையும் அது பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. வேலைக்கு ஆபத்தில்லை, திட்டோடு போயிற்று.

என் பழைய கம்பளிப் போர்வையை முடிந்தால் அனுப்புங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இதோடு உங்களுக்கு ஐந்து கடிதம் போட்டுவிட்டேன். கண் கூசினால் நீளமாக எழுத வேண்டாம் அப்பா. 'கிடைத்தது' என்று மட்டும் எழுதிப் போடுங்கள்.

உங்கள்
சின்னக்குட்டி