யாருடைய மணிக்கு விலை அதிகம்

செவ்வாய், மே 14, 1996

காலையிலிருந்து மழை. அருணுக்கு மூக்கொழுகல். இரண்டு வயதுக்கு இவ்வளவு சளியா.

மதியம் வீட்டுக்குப் பக்கத்து சான்ட்ரிங்ஹாம் பஸ் நிறுத்தத்தில், வழக்கம்போல் பையனைக் கைமாற்றுவது. வசந்தி முதியோர் இல்லச் சமையலறை வேலை முடிந்து பின்கதவில் இறங்குவாள். பையனை அவள் கையில் திணித்துவிட்டு அதே பஸ்ஸில் முன்கதவால் நான். டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர், மாலை ஷிஃப்ட். கணவன் மனைவி இன்று பேசியது மொத்தம்:

"மருந்து?"

"கொடுத்தாச்சு."

"சாப்பிட்டானா?"

"துப்பிட்டான்."

டிரைவருக்குச் சிரிப்பு. "ரிலே ரேஸ் எப்படிப் போகுது, மேட்?" சில்லறையைக் கொடுத்தேன்.

புதன்

மானேஜர் கூப்பிட்டார். பகல் வேலை, நிரந்தரம். வெள்ளிக்குள் பதில்.

சிக்கல்: வசந்தி. அடுத்த மாதம் சமையலறையை விட்டுவிட்டு, அதே காலை நேரத்தில் பல் டாக்டர் பரீட்சை வகுப்புக்குப் போவதாகத் திட்டம். மதுரையில் அவள் பல் டாக்டர். இங்கே அந்தப் பரீட்சை இல்லாமல் ஒரு பல்லைத் தொட முடியாது. நான் பகலில் போனால் பையனை யார் பார்ப்பது? காப்பகத்துக்கும் வகுப்புக்கும் சேர்த்துக் கட்ட வழியில்லை.

ஆபீஸிலிருந்து அவளுக்கு ஃபோன் செய்தேன். மணிக்கு இவ்வளவு என்றுதான் இங்கே சம்பளம். யாருடைய மணிக்கு விலை அதிகமோ அவர் வெளியே, மற்றவர் வீட்டில். சாதாரணக் கணக்கு. இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

"உங்க டிகிரிக்குக் குடியேற பாயிண்ட் கிடைச்சு இந்த நாட்டு விசா வந்துச்சு. அதனாலதான் நான் இங்க கரண்டி பிடிக்கிறேன். என் மணியை மலிவாக்கிட்டு இப்ப மலிவுன்னு சொல்றீங்களா? நான் பாஸாயிட்டா என் மணி உங்களுதைவிட ரெண்டு மடங்கு. அப்ப நீங்க வீட்ல இருப்பீங்களா?"

"அப்ப பாக்கலாம்."

வைத்துவிட்டாள்.

வியாழன்

மேல் வீட்டு அன்ரன் அண்ணை படிக்கட்டில் மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நேற்று வசந்தி ஃபோனில் கத்தியது அவ்வளவும் மேலே கேட்டிருக்கிறது.

"தம்பி, பெடியனை ரெண்டு வருசம் இந்தியாவுக்கு அனுப்பிவிடுமன். உம்மட அக்கா இருக்கிறா எல்லோ?"

"நீங்க உங்க பிள்ளையை அனுப்பினீங்களா?"

"ஓம், மூத்தவளைக் கொழும்பில விட்டனாங்கள். இப்ப இங்கதான், நல்லாப் படிக்கிறாள்." கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, "எங்களோட பெரிசாக் கதைக்கிறேல்லை."

இதைச் சொல்லிவிட்டு அதே யோசனையைத் திரும்பவும் சொல்கிறார். மனுஷனுக்கு மூளை இருக்கிறதா?

ஷேவிங் பிளேடு வாங்க வேண்டும்.

வெள்ளி

மானேஜரிடம் சரி சொல்லியாகிவிட்டது. வசந்தியைக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லப்போகிறவளை எதற்குக் கேட்பது?

பஸ்ஸில் ஏறி, படியில் நின்றபடி சொன்னேன். மழையில் பையனோடு நின்றாள்.

"இறங்குங்க."

இறங்கவில்லை. டிரைவர் கதவை மூடாமல் என்னையே பார்த்தான். இன்று ஜோக் இல்லை.

"போங்க," என்றேன் டிரைவரிடம். போனான்.

சனி

இன்றும் இருவருக்கும் வேலை. நிறுத்தத்தில் பையனை வாங்கிக்கொண்டு வசந்தி சொன்னாள்: "வகுப்புக்குப் பேர் கொடுத்துட்டேன். நானும் உங்களைக் கேக்கலை. சரியாப் போச்சா?"

திமிர். வேறு வார்த்தை தெரியவில்லை.

ஞாயிறு

மழை விட்டது. வழக்கமாக ஞாயிறும் அவளுக்கு வேலை. இன்று லீவு போட்டிருக்கிறாள், சண்டை போடுவதற்கென்றே. ஆரம்பித்தது காலை காப்பியோடு. கோழை என்றாள். சுயநலம் என்றேன். பிறகு இருவரும் சமையலறையில் எதிரும் புதிருமாக நின்றோம்.

அருண் எங்களை மாறி மாறிப் பார்த்தான். வாசலுக்குப் போய் அவளுடைய ஷூவைத் தூக்கிவந்து அவள் காலடியில் வைத்தான். திரும்பிப் போய் என்னுடையது, ஒவ்வொன்றாக, மூச்சிரைக்க.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றால் ஒருவர் கிளம்ப வேண்டும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காத்திருந்தான். நான் மாட்டவில்லை. அவளும் மாட்டவில்லை. யாருக்கு என்று புரியாமல், கடைசியில் இருவருக்கும் சேர்த்துக் கையசைத்து 'பை பை' சொல்லிவிட்டான்.