வாயு மூலைக் கட்டில்

ராமச்சந்திரபுரம்,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி சேஷுவுக்கு அம்மா மனம் நிறைந்த ஆசீர்வாதங்களோடு எழுதுவது. பீமேஸ்வரர் புண்ணியத்தில் இங்கே நானும் எருமையும் தென்னந்தோப்பும் சுகமாக இருக்கிறோம், அங்கே சிகாகோவில் நீயும் பிரத்யூஷாவும் குழந்தை சாத்விக்கும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதம் தேடினாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் யார் காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை. இது உனக்கு மட்டும். எதிர்வீட்டு சத்யவதியின் மகன் ஆவக்காய் ஜாடியோடு இதையும் கொண்டுவந்து தருவான். ஜாடியைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடு.

நீ சொன்னபடியே உன் மாமியார் காக்கிநாடாவிலிருந்து காரில் வந்து இறங்கினார், கூடவே வாஸ்து பார்க்கிற சோமயாஜுலு சித்தாந்தியும். உன் கிரீன் கார்டு நகராமல் கிடப்பதற்கு நம் வீட்டு வாஸ்துதான் காரணம் என்று உன் மாமியார் கண்டுபிடித்ததை நீதான் போனில் சொன்னாய், அத்தைகாரு சொல்வது போலச் செய்யம்மா என்றாய். செய்தேன். ஈசானிய மூலையில் பாரம் கூடாது என்றார்கள், உன் அப்பா கட்டுவித்த நெல் சேமிக்கும் குதிரை நம் பண்ணையாள் வீரய்யா கடப்பாரையால் இடித்தான், நான் தூசிக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பு அக்கினி மூலைக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கிறது என்றார்கள், நகர்த்திப் போட்டேன். துளசி மாடத்தைக்கூட நகர்த்தினேன். உன் மாமியார் பட்டுப்புடவையும் கூலிங் கிளாஸுமாக நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணி முறை வைத்து, "வதினகாரு, அந்தப் பக்கம் கொஞ்சம், இல்லை இந்தப் பக்கம் கொஞ்சம்" என்று விரலை ஆட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டில் நான் கூலியாள் போலவும் அவர் மேஸ்திரி போலவும் இருந்தது. வயிறு எரிந்தது சேஷு, மறைக்க மாட்டேன். ஆனால் உன் காரியம் ஆக வேண்டும் என்று பொறுத்தேன்.

பொறுக்க முடியாமல் போனது கட்டில் விஷயத்தில். நம் வீட்டு நிருதி மூலை அறையில் நான் புதுப்பெண்ணாக வந்த நாளிலிருந்து படுக்கிறேன். வீட்டுக்குப் பெரியவர்கள் படுக்கிற மூலை அது, உன் அப்பா போன பிறகும் அந்தக் கட்டிலை யாரும் அசைத்ததில்லை. சித்தாந்தி காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மகாரு கட்டில் வடமேற்கே வாயு மூலை அறைக்குப் போக வேண்டும், நிருதி அறையைப் பிள்ளை பெயருக்குப் பூட்டி வைக்க வேண்டும் என்றார். வாயு மூலை யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? விற்கிற தேங்காயை நாம் அங்கேதான் குவிக்கிறோம், சீக்கிரம் விலை போகட்டும் என்று. உன் தங்கை கௌதமிக்கு வரன் தகையாமல் இருந்தபோது அந்த அறையில் படுக்க வைத்தோம், வருஷம் திரும்புவதற்குள் தாலி ஏறி பீமவரம் போய்விட்டாள். அங்கே வைத்தது எதுவும் வீட்டில் தங்காது. ஆக, வெளியே போக வேண்டிய சரக்கில் என்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இது உன் மாமியார் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏனென்று கேள். உன் வீட்டில் அவர் எந்த அறையில் தங்குகிறார் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். குழந்தை போனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம் பார்த்தேன், அவர் கட்டில் பக்கத்து ஜன்னலில் சாயங்கால வெயில், தலைமாட்டு ஜன்னலில் மத்தியான வெயில். மேற்கும் தெற்கும் சேர்ந்தால் என்ன மூலை? நிருதி. அங்கே வரும்போதெல்லாம் என் பிள்ளை வீட்டு நிருதி மூலையில் அவர்தான் கால் நீட்டிப் படுக்கிறார். அலமாரியில் அவர் போட்ட ஊறுகாய், கொடியில் அவர் புடவை. மூன்று முறை வந்து போய்விட்டார், தசராவுக்கு மறுபடியும் கிளம்புகிறாராம். சாத்விக் அவரை அம்மம்மா என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், அப்பாவைப் பெற்ற என்னைப் போன் நானம்மா என்கிறான். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன், போனை வைத்துவிட்டு வெகுநேரம் எருமைக்குப் புல் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

அதனால் அன்றைக்கு வாயைத் திறந்துவிட்டேன். "என் பிள்ளை வீட்டுலதான் நல்ல மூலையப் பிடிச்சீங்க, இங்கயும் வந்து என்னை மூலைக்குத் தள்ளணுமா? நான் என்ன விக்கிற தேங்காயா?" என்று கேட்டேன். இன்னும் கேட்டேன், அதையெல்லாம் எழுதினால் பிரத்யூஷா கண்ணில் பட்டுவிடும். காக்கிநாடாக்காரருக்குப் பதில் பேசத் தெரியாமலா இருக்கும்? ஆனால் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், "உங்க இஷ்டம் வதினகாரு" என்று மட்டும் சொன்னார். நான் அவருக்கென்று செய்திருந்த கோங்குராக் கீரைப் பருப்பும் சாதமும் அப்படியே இருக்க, சாப்பிடாமல் கார் ஏறிவிட்டார். குற்றம் பிடிபட்டதால்தான் பேச்சு எழவில்லை என்று நினைத்து அன்று நான் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டேன். வீரய்யா மட்டும், "அம்மகாரு, கட்டில தூக்கறதா வேணாமா, சொல்லிட்டா நான் சாராயக்கடை பக்கம் போவேன்" என்றான். போடா என்றேன்.

நேற்று சித்தாந்தி அடுப்பைச் சரிபார்க்க வந்தார். காப்பி கொடுத்தேன், கொடுத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன். யார் சொல்லி என் கட்டிலில் கை வைத்தீர், சாஸ்திரத்தில் இருக்கிறதா, இல்லை காக்கிநாடாவில் எழுதினார்களா என்றேன். மனிதர் முழித்தார், காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் சிரித்துவிட்டார். "அம்மா, சம்பந்தியம்மா வாயே திறக்கல. உங்க பிள்ளைதான் போன் பண்ணாரு. அம்மாவுக்கு விசா வந்து கெடக்கு, டிக்கெட் போட்டா எருமை ஈனப்போகுதுங்கறாங்க, தேங்கா வெட்டுங்கறாங்க, எதையாவது சொல்லி நின்னுடறாங்க. அவங்க வீட்ட விட்டுக் கிளம்பற மாதிரி சாஸ்திரத்துல ஏதாச்சும் இருக்கா சித்தாந்திகாருன்னு கேட்டாரு. வாயு மூலையில படுத்தா கால் நிக்காது, பயணம் வரும்னேன். அதையே செய்யுங்க, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, சொன்னா அந்தப் பக்கமே போக மாட்டாங்கன்னாரு" என்றார். உன் மாமியாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவங்களுக்கு மொதல்லயே தெரியுமே என்றார்.

இப்போது சொல், நான் யார் மேல் கோபப்படுவது? உனக்கு அம்மா வேண்டும் என்று சித்தாந்தியிடம் சொல்லத் தெரிகிறது, மாமியாரிடம் சொல்லத் தெரிகிறது, என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? என்னிடம் நீ வா அம்மா என்பாய், நான் எருமை என்பேன், சரி அம்மா என்று வைத்துவிடுவாய். இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கக் கூடாதா? எருமையை வீரய்யா பார்த்துக்கொள்வான், அது எனக்குத் தெரியாததல்ல. அங்கே எல்லா மூலையிலும் ஆள் இருக்கிறது, நான் வந்தால் விருந்தாளியாக ஓரமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வேண்டும், அந்தப் பயத்தில்தான் சேஷு இத்தனை நாளும் சாக்குச் சொன்னேன். இதில் உன் மாமியார் வேறு, நான் அத்தனை பேசியும் உன் ரகசியத்தைக் காப்பாற்றி வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார். என் பிள்ளையின் ரகசியம் அவரிடம், அதைக் காத்த நல்ல பெயரும் அவருக்கே. இதற்கும் என் வயிறு எரிகிறது, என்ன செய்ய.

அவருக்கு போன் செய்தேன். தப்பு என்று என் வாயால் சொல்லவில்லை, கோதாவரியில் புலச மீன் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் வதினகாரு என்றேன். வருகிறேன் என்றார். அவர் செய்கிற குழம்பில் புளி தூக்கலாக இருக்கும், என் குழம்பைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இன்று காலை வீரய்யாவைக் கூப்பிட்டுக் கட்டிலை நானே வாயு மூலைக்குப் போட்டுக்கொண்டேன். தெற்கே தலை வைத்துத்தான், கவலைப்படாதே. தேங்காய்க் குவியலை ஒதுக்கி இடம் செய்தோம். அந்த அறையில் காற்று நன்றாகவே வருகிறது, ஜன்னல் கதவு சும்மா இருக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், பிரத்யூஷாவை அலுவலகத்திலிருந்து வந்ததும் வேலை ஏவாதே. ஆவக்காயில் ஈரக் கரண்டி போடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சொல்லிவை. டிக்கெட்டை தசராவுக்கு முன்னால் போடு, உன் மாமியாருக்கு முன்னால் நான் வந்து இறங்க வேண்டும். எனக்கு அங்கே வாயு மூலை அறையைக் கொடுத்துவிடாதே, கொடுத்தால் மறுபடி கிளம்பிவிடுவேன். சாயங்கால வெயில் வருகிற அந்த அறையில் என் கட்டிலைப் போட்டு வை, அப்போதுதான் தங்குவேன். மூவரும் நூறு வயது நோய்நொடியில்லாமல் இருங்கள். போன் நானம்மா போனை விட்டு வெளியே வரப்போகிறாள் என்று சாத்விக்கிடம் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
மாணிக்யாம்பா