நிறமேறாத ஸ்லைடு

மார்ச் 4, செவ்வாய்
காலைப் பாராயணம் பாதியில் நின்றது. தங்கைக்கு அகற்றிய சினைப்பைக் கட்டியின் அறிக்கை வந்திருக்கிறது: கொடிய வகைப் புற்று, திங்களன்று கீமோ. ஆயுளெல்லாம் நுண்ணோக்கியில் திசு பார்த்த நோயியல் மருத்துவர் நான். 'இன்ஹிபின் புரதம் இல்லை' என்ற வரி உறுத்துகிறது. அப்புரதம் இருந்தால் கட்டியின் இனமே வேறு. சினைப்பையைத் தாண்டாத நிலையில் அறுவையே போதுமானதாகலாம்.

மார்ச் 5
தங்கையின் நாத்தனார் வந்து, "எல்லாம் போன ஜென்மத்துப் பாவம்" என்றாள். இறைவனை இத்தனை அற்பனாக்கும் பக்தியும் ஒரு பக்தியா? அருவருத்தது.
"நீ இந்த ஜென்மத்துலயே நல்லா சேத்துக்கிட்டு இருக்க" என்றாள் தங்கை, படுத்தபடியே.

மார்ச் 6
அறிக்கை தந்த ஆய்வகம் சென்றேன். சாயமிடும் ஒவ்வொரு ஸ்லைடிலும் நோயாளியின் திசுவருகே, அப்புரதம் உண்டென்று அறிந்த வேறொரு துண்டை வைப்பது முறை. புரதம் உள்ள திசு சாயத்தில் பழுப்பேறும்; அத்துண்டும் பழுப்பேறாவிடில் சாயமே செத்தது என்று பொருள். தங்கையின் திசு வெளிறியிருந்தது. பக்கத்துத் துண்டும் வெளிறியிருந்தது!
ஆய்வகத் தலைவர் தேநீரை உறிஞ்சியபடி, "அந்தத் துண்டையெல்லாம் யாரு மேடம் பாக்குறா?" என்றார்.
சே! இவனெல்லாம் ஒரு டாக்டரா?
"மறுபடி சாயம் போடுங்க."
"நாளைக்குத்தான் ஆகும்."
"அப்ப நாளைக்கும் வந்து உக்காருவேன்."

மார்ச் 7
புது ஸ்லைடில் பக்கத்துத் துண்டு பழுப்பேறியிருந்தது. தங்கையின் திசுப் பக்கம் நகர்த்தக் கை வரவில்லை — அங்கே வெளுப்பாகவே இருந்துவிட்டால்? இறைவன் திருநாமத்தைச் சொல்லி நகர்த்தினேன். பழுப்பு. கடல்போல் பழுப்பு. மற்றப் புரதங்களுக்கான சாயங்களும் அதையே சொல்லின.
"சத்தமில்லாம ரிப்போர்ட்டை மாத்திடலாம் மேடம்" என்றார் தலைவர். நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தேன்.
"அன்னைக்கு அதே சாயம் போட்ட எல்லா ஸ்லைடையும் வெளிய எடுங்க. அவங்களுக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்க."

மார்ச் 8
கீமோ வேண்டாம், இரத்தப் பரிசோதனையோடு கண்காணித்தால் போதும் என்றார் புற்றுநோய் மருத்துவர். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று.

மார்ச் 10, திங்கள்
ஆய்வகத் தலைவர் பழக்கூடை அனுப்பியிருக்கிறார். மன்னிப்பு என்ற ஒரு சொல் இல்லை. தூக்கியெறியப் போனேன். தங்கை பிடுங்கிக்கொண்டாள்.
"பழம் என்னக்கா பண்ணுச்சு?"
ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை என் வாயருகே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். புளிப்பு.